உதடு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது: இத்தாலிய சினிமாவும் டப்பிங்கும்

1964 செப்டம்பரில் இத்தாலியில் இரண்டு படங்கள் சில நாள் இடைவெளியில் வெளியே வந்தன. ஒன்று, இயேசுவின் வாழ்க்கையை மத்தேயு நற்செய்தியின்படி பியர் பாவ்லோ பசோலினி எடுத்த படம். அது வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. மற்றது செர்ஜியோ லியோனேயின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’. அது புளோரன்ஸ் நகரில் ஓடத் தொடங்கியது. முதல் படத்தில் இயேசுவாக நடித்தவர் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு மாணவர். இரண்டாவதில் சுருட்டைக் கடித்துக்கொண்டு கோவேறு கழுதைமேல் வந்தவர் அமெரிக்கரான கிளின்ட் ஈஸ்ட்வுட். மலைப் பிரசங்கம் செய்தவருக்கும் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டவருக்கும் இத்தாலியர்கள் கேட்டது ஒரே குரல்தான். அது என்ரிகோ மரியா சலேர்னோ என்ற இத்தாலிய நடிகரின் குரல்.

அந்நாட்டு சினிமா வழக்கப்படி இதில் விசித்திரம் எதுவும் இல்லை. முகம் கொடுப்பது ஒரு வேலை, குரல் கொடுப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்யவேண்டும் என்று அங்கே வெகுகாலம் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இத்தாலியப் படங்களை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. சப்டைட்டிலோடு ஒரு பழைய படத்தைப் போடுகிறீர்கள். மொழி இத்தாலியன் என்றுதான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனாலும் உதடு ஒரு பக்கம் போகிறது, சொல் இன்னொரு பக்கம் போகிறது. தெரியாமல் டப்பிங் பிரதியை எடுத்துவிட்டோமோ என்று மெனுவுக்குள் போய் ஒரிஜினலைத் தேடுகிறீர்கள். இயக்குநர் ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’வை முதல்முறை பார்த்தபோது நானும் இப்படித் தேடியவன்தான். கிடைக்காது. அந்த டப்பிங்தான் ஒரிஜினல்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். இத்தாலியில் டப்பிங் என்ற சொல்லுக்குள் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் படத்தை இத்தாலிய மொழிக்கு மாற்றுவது ஒன்று. தங்கள் சொந்தப் படத்தையே கிட்டத்தட்ட ஊமையாக எடுத்துக்கொண்டு, அப்புறம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேச்சைச் சேர்ப்பது இன்னொன்று. முதல் பழக்கத்துக்காக உருவான டப்பிங் தியேட்டர்களும் ஆட்களும்தான் இரண்டாவதையும் சுலபமாக்கினார்கள். அதனால் கதையை முதலாவதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பேசும்படம் வந்த புதிதில் இத்தாலியை ஆண்டவர் முசோலினி. 1930-ல் அவருடைய அரசு, வேற்றுமொழிப் பேச்சு உள்ள படத்துக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டது. தேசிய மொழியின் தூய்மையைக் காப்பது பாசிசத்தின் பிடிவாதங்களில் ஒன்று. ஆனால் படத்தை மொழிமாற்றும் வசதி அப்போது நாட்டில் இல்லை. என்ன செய்தார்கள்? ஹாலிவுட் பேசும்படங்களின் பேச்சை அணைத்துவிட்டு, நடுநடுவே இத்தாலிய எழுத்து அட்டைகளைச் செருகி ஓட்டினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் பேசும்படத்தைக் கேட்கப் போனபோது இத்தாலியர்கள் அதைப் படிக்கப் போனார்கள்.

ஹாலிவுட்டுக்கு இத்தாலிச் சந்தையை விட மனமில்லை. பாரமவுன்ட் நிறுவனம் பாரிஸுக்குப் பக்கத்தில் ஜுவான்வில் என்ற இடத்தில் ஸ்டுடியோ அமைத்து, ஒரே கதையை மொழிக்கொரு நடிகர் குழுவை வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது. செலவு தாங்கவில்லை. லாரல்–ஹார்டி என்ற ஹாலிவுட் நகைச்சுவை ஜோடி வேறு வழியில் போனது. இத்தாலிய வசனத்தை ஒலிப்பு மட்டும் பார்த்து உருப்போட்டுத் தாங்களே பேசிவிட்டார்கள். அர்த்தம் தெரியாத மொழி, அழுத்தம் விழும் இடமெல்லாம் தப்பு. ‘முட்டாள்’ என்று பொருள்படும் ‘ஸ்டூப்பிடோ’ அவர்கள் வாயில் ‘ஸ்டுப்பீடோ’ ஆனது. வெள்ளைக்காரத் துரை தமிழ் பேசினால் நமக்கு எப்படியிருக்குமோ அப்படி. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு முறையான டப்பிங் வந்து, இத்தாலியர்களே அவர்களுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கியபோதும் அந்தத் தப்பு உச்சரிப்பைக் கைவிடவில்லை. அதாவது, நல்ல இத்தாலியன் தெரிந்த ஆட்கள் மெனக்கெட்டு மோசமான இத்தாலியன் பேசினார்கள். ஹார்டிக்கு அப்படிப் பேசியவர்களில் மிகவும் பேர் வாங்கியவர் ஆல்பர்டோ சோர்டி என்ற ரோமாபுரி இளைஞர். பின்னாளில் இத்தாலியின் மிகப் பெரிய நகைச்சுவை நட்சத்திரமான அதே சோர்டிதான்.

1932-ல் ரோமில் டப்பிங் வேலை முறையாகத் தொடங்கியது. அதற்குமுன் அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களை வைத்து அங்கேயே டப்பிங் செய்து அனுப்பிய பிரதிகளும் வந்தன. அவர்களுடைய கலப்படப் பேச்சைக் கேட்டு இத்தாலியில் கேலி செய்தார்கள். 1933-ல் சட்டமே வந்துவிட்டது: வெளிநாட்டுப் படத்தின் டப்பிங் இத்தாலிக்குள்தான், இத்தாலியர்களைக் கொண்டுதான் நடக்கவேண்டும். ஒரு தொழில் பிறந்தது. கூடவே ஆட்சியாளருக்கு ஒரு வசதியும் கிடைத்தது. படத்தை வெட்டாமலே வசனத்தை மாற்றிவிடலாம் அல்லவா? அந்தப் பழக்கம் முசோலினி போனபிறகும் கொஞ்சகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாலிவுட் படமான ‘காசாபிளாங்கா’வின் நாயகன் எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கடத்தியவன் என்று மூலத்தில் வரும். எத்தியோப்பியா மீது படையெடுத்ததே இத்தாலிதான். போருக்குப்பின் வந்த இத்தாலிய டப்பிங்கில் அந்த நாடு சத்தமில்லாமல் சீனாவாகிவிட்டது.

சரி, இந்த வேலை எப்படி நடக்கிறது? இத்தாலியில் டப்பிங்குக்கு ‘டோப்பியாஜ்ஜோ’ என்று பெயர். முதல் ஆள் வசனத்தை மாற்றி எழுதுபவர். வெறும் மொழிபெயர்ப்பு அவருக்கு உதவாது. ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டுகிறது. ‘காது’ என்று சொல்லுங்கள், ஒட்டவில்லை. ப, ம போன்ற ஒலி வரும் இடத்தில் திரையில் வாய் மூடுகிறது. அதே இடத்தில் இத்தாலியச் சொல்லிலும் வாய் மூடவேண்டும். நடிகர் முகம் முழுத் திரையையும் அடைத்துக்கொண்டிருந்தால் தப்பிக்கவே முடியாது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எழுதுபவருக்குக் கொண்டாட்டம்.

குரல் கொடுப்பவர் ஒரு சிறு மேசைச் சாய்வுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசுவார். அந்தச் சாய்வுக்கு ‘லெஜ்ஜியோ’ என்று பெயர். படச்சுருள் காலத்தில் காட்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, முனையோடு முனை ஒட்டி, வளையமாக ஓடவிடுவார்கள். வசனம் பொருந்தும்வரை அதே துண்டு சுற்றிச் சுற்றி வரும். அதை அவர்கள் ‘அனெல்லோ’, அதாவது மோதிரம், என்றார்கள். நம்மூர் டப்பிங் தியேட்டரில் லூப் என்று சொல்வார்களே, அதேதான். இப்போது படச்சுருள் இல்லை, மோதிரம் என்ற பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது. மூன்று மணி நேரம் ஒரு ஷிஃப்ட். காலடிச் சத்தம், கதவுச் சத்தம், துணி உரசும் சத்தம் எல்லாம் போடுவதற்கு ‘ருமோரிஸ்தா’ என்று தனியாக ஒருவர் உண்டு.

எழுதுபவருக்கு உதட்டைவிடப் பெரிய தலைவலிகளும் உண்டு. ஆங்கிலத்தில் காதலியிடமும் ‘ஐ லவ் யூ’, அம்மாவிடமும் ‘ஐ லவ் யூ’. இத்தாலியனில் காதலிக்கு ‘டி ஆமோ’, அம்மாவுக்கு ‘டி வோலியோ பேனே’. இரண்டில் எதைப் போடுவது என்பதை எழுதுபவர்தான் முடிவு செய்யவேண்டும். இருவருக்கும் நடுவில் இருப்பது காதலா, வெறும் பாசமா என்று பார்வையாளருக்கு நிச்சயமாகத் தெரியக்கூடாத ஒரு காட்சி என்றால்? இத்தாலியப் பிரதியில் மட்டும் அந்தப் புதிர் அவிழ்ந்துவிடும்.

இப்படித் தலைமுறை தலைமுறையாக அமெரிக்க வாய்க்கு இத்தாலியச் சொல்லைப் பொருத்தியதில் தனியாக ஒரு கிளைமொழியே உருவாகிவிட்டது. இத்தாலியர்கள் அதைக் கிண்டலாக ‘டோப்பியஜ்ஜேசே’ என்கிறார்கள், டப்பிங்மொழி என்று வைத்துக்கொள்ளலாம். ‘யா’ என்று அமெரிக்கர் வாய் திறக்கும் இடத்தில் ‘ஜா’ என்று வரும். தெருவில் பார்க்கும் முன்பின் தெரியாத ஆளையெல்லாம் ‘அமீகோ’ என்பார்கள். ‘நிறுத்துடா’ என்பதற்கு, வெட்டு ஒன்று போடச் சொல்வதுபோல, ‘டாச்சி உன் தாலியோ’. வீட்டில் யாரும் முதலில் இப்படிப் பேசியதில்லை. சினிமாவில் கேட்டுக் கேட்டுப் பிறகு கொஞ்சம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

இனி குரல்கள். இத்தாலியில் ஒரு ஹாலிவுட் நட்சத்திரத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் வருஷக்கணக்கில் பேசுவார். எதிர்ப்பக்கமும் உண்மை: ஒரே ஆள் பல நட்சத்திரங்களுக்குப் பேசுவார். 1940, 50களில் எமிலியோ சிகோலியின் கனத்த குரலில் ஜான் வெயின், கேரி கூப்பர், கிளார்க் கேபிள் எல்லோரும் பேசினார்கள். அமெரிக்க ஆண்மை என்றால் இத்தாலியர் காதில் ஒலித்தது சிகோலிதான். ஊடி ஆலனுக்குப் பல பத்தாண்டுகள் ஒரேஸ்டே லியோனெல்லோ.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஃபெருச்சோ அமெந்தோலா. கொஞ்சம் கரகரப்பு, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிச் சலிப்பு, திடீரென்று ஒரு கோபம். ராபர்ட் டி நீரோ, அல் பசீனோ, டஸ்டின் ஹாஃப்மன், சில்வெஸ்டர் ஸ்டாலோன் நான்கு பேருக்கும் இத்தாலியில் குரல் இவர்தான். யோசித்துப் பாருங்கள், ராம்போவும் ‘கிரேமர் வெர்சஸ் கிரேமர்’ அப்பாவும் ஒரே தொண்டையில். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 1995-ல் ‘ஹீட்’ வரும்வரை. அதில் டி நீரோவும் பசீனோவும் ஒரு மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். அமெந்தோலா தனக்குத்தானே பேசிக்கொள்ள முடியுமா? டி நீரோவை அவர் வைத்துக்கொண்டார். பசீனோ ஜன்கார்லோ ஜன்னினியிடம் போனார். ஜன்னினி தானே புகழ்பெற்ற நடிகர். அங்கே டப்பிங் பேசுவது நடிகருக்குத் தாழ்ந்த வேலை அல்ல.

இப்போது இரண்டாவது பழக்கம்: சொந்தப் படத்துக்கே டப்பிங். இதில் பலருக்கும் அதிர்ச்சி தருவது நியோரியலிசம் என்ற இத்தாலிய யதார்த்த சினிமா இயக்கம்தான். தெருவில் எடுத்தார்கள், சாதாரண ஜனங்களை நடிக்க வைத்தார்கள், நிஜத்தை அப்படியே காட்டினார்கள் என்று படித்துவிட்டுத்தான் இயக்குநர் ரோசலினியின் ‘ரோம் ஓப்பன் சிட்டி’யைப் பார்க்கிறோம். 1945-ல் போரின் இடிபாடுகளுக்கு நடுவே, படச்சுருளுக்கே திண்டாடிக்கொண்டு எடுத்த படம் அது. ஒலிப்பதிவுக்கு வழி ஏது? பேச்சு முழுவதும் பிறகு சேர்த்தது. அதில் வரும் சிறுவனுக்குக் குரல் கொடுத்தது பதின்ம வயது அமெந்தோலா. நிஜத்தின் அடையாளமாக உலகம் கொண்டாடிய படத்திலேயே குரல் ஸ்டுடியோவிலிருந்து வந்தது.

வறுமையால் தொடங்கியதை வசதி நிலைக்க வைத்தது. ஒலியைப் பற்றிக் கவலையில்லை என்றால் கேமரா கரகரவென்று சத்தம் போடலாம், பக்கத்து செட்டில் ஆணி அடிக்கலாம், ஷாட் ஓடும்போதே இயக்குநர் “இடதுபக்கம் திரும்பு, இப்போது அழு” என்று கத்தலாம். இதைவிடப் பெரிய லாபம், முகத்தை மட்டும் பார்த்து ஆள் பிடிக்கலாம். இத்தாலியும் பிரான்சும் கூட்டாகப் பணம் போட்ட படங்கள் பெருகியபோது நடிகர்கள் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே ஒரே காட்சியில் நடித்தார்கள். லியோனேயின் படப்பிடிப்பில் ஈஸ்ட்வுட் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரில் நிற்பவர் இத்தாலியனில் பதில் சொல்வார். ஆகவே அந்தப் படங்களின் ஆங்கிலப் பிரதியும் டப்பிங், இத்தாலியப் பிரதியும் டப்பிங்.

இதை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஃபெலினி. சில நடிகர்களிடம் அவர் வசனமே கொடுக்கமாட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். கோபமாக எண்ணு, ஏக்கமாக எண்ணு. வசனம் பிறகு எழுதப்படும், குரல் பிறகு தேடப்படும். ‘லா ஸ்ட்ராடா’வில் சங்கிலியை மார்பால் உடைக்கும் பயில்வானாக நடித்தவர் ஆன்டனி குவின், பேசுவது அர்னோல்டோ ஃபோவா. அதே படத்தில் ஜூலியெட்டா மசீனா தன் சொந்தக் குரலில் பேசுகிறார். 1976-ல் வந்த ‘காசனோவா’வில் டொனால்ட் சதர்லாண்டின் முகம், ஜீஜி ப்ரோயெட்டியின் குரல். ஃபெலினி படங்களில் உதடு பொருந்தாமல் போவதை அலட்சியம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. குரல் உருவத்தைவிட்டு ஒரு அங்குலம் விலகி, பக்கத்தில் நடந்து வருவதுபோல இருக்கிறது. கனவில் ஆட்கள் பேசுவது அப்படித்தானே?

டப்பிங்கின் இன்னொரு முடிச்சு வட்டார வழக்கு. 1861-ல் நாடு ஒன்றுபட்டபோது இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 2.5 பேர்தான் என்பது மொழியியலாளர் டுல்லியோ டி மௌரோவின் கணக்கு. மற்றவர்கள் சிசிலியன், நேப்பிள்ஸ் வழக்கு, வெனிஸ் வழக்கு என்று அவரவர் பேச்சில் வாழ்ந்தார்கள். டப்பிங் தியேட்டரின் இத்தாலியனோ ஊர் பெயர் தெரியாத, வடிகட்டிய மொழி. எந்த ஊரிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை, எல்லா ஊரிலும் புரியும். 1948-ல் இயக்குநர் விஸ்காண்டி ‘லா டெர்ரா டிரெமா’வை சிசிலியின் ஆச்சி டிரெட்ஸா என்ற மீன்பிடிக் கிராமத்தில், மீனவர்களை அவர்கள் பேச்சிலேயே பேசவிட்டு, அங்கேயே ஒலிப்பதிவு செய்து எடுத்தார். மற்ற இத்தாலியர்களுக்குப் புரியவில்லை. இத்தாலியனில் ஒரு பின்னணி விவரிப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அறுபது வருஷம் கழித்து, 2008-ல், நேப்பிள்ஸ் மாஃபியா பற்றிய ‘கொமோரா’வை இத்தாலியத் திரையரங்குகளில் இத்தாலிய சப்டைட்டிலோடுதான் ஓட்டினார்கள்.

வழக்கையும் டப்பிங்கால் போலியாகச் செய்ய முடியும் என்பது வேடிக்கை. 1970களில் ரோமாபுரித் தெருப் பேச்சின் அடையாளமாகவே ஆகிவிட்ட நடிகர் தோமஸ் மிலியன். அவர் கியூபாவில் பிறந்தவர். அந்த ரோமாபுரி நாக்கு யாருடையது? நம் அமெந்தோலாதான். வெளிநாட்டுப் படைப்புகளுக்கும் இந்த வித்தை உண்டு. ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் ஸ்காட்லாந்துக்காரனாக வரும் பள்ளித் தோட்டக்காரன் இத்தாலியில் அந்நாட்டின் சார்டீனியாத் தீவுக்காரனாகப் பேசுகிறான்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கவேண்டாம். 1968-ல் அமால்ஃபி நகரில் கூடிய இயக்குநர்கள், எதற்கெடுத்தாலும் டப்பிங் என்ற நடைமுறைக்கு எதிராக அறிக்கை விட்டார்கள். அந்தோனியோனி, பெர்டோலூச்சி ஆகியோருடன் பசோலினியும் கையெழுத்திட்டார். ஆனால் பசோலினி அதற்குப் பிறகும் டப்பிங்கை விடவில்லை. ஒருவர் முகமும் இன்னொருவர் குரலும் சேரும்போது பாத்திரத்துக்கு ஒரு மர்மம் கூடுகிறது என்பது அவர் கட்சி. படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு செய்வது 1980களுக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல வழக்கமானது. வெளிநாட்டுப் படங்களுக்கு டப்பிங் இன்றும் தொடர்கிறது. 2023 தொடக்கத்தில் டப்பிங் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய ஒப்பந்தத்தோடு சேர்ந்து முன்னால் நின்ற கேள்வி, எங்கள் குரலைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது.

இனி நீங்கள் ஒரு பழைய இத்தாலியப் படத்தைப் போடும்போது எந்த ஒலியைத் தேர்ந்தெடுப்பது? என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஃபெலினி, பசோலினி என்றால் யோசிக்காமல் இத்தாலியன். லியோனே என்றால் ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரலுக்காக ஆங்கிலம், இரண்டாம் முறை சலேர்னோவுக்காக இத்தாலியன். விஸ்காண்டியின் ‘தி லெப்பர்ட்’ கொஞ்சம் சிக்கல். பர்ட் லங்காஸ்டர் தானே பேசிய ஆங்கிலப் பிரதி இருக்கிறது, ஆனால் அது வெட்டிச் சுருக்கியது. இத்தாலியப் பிரதியில் அவருக்குக் கொர்ராடோ கைப்பா பேசுகிறார். சிசிலியக் கோமகன் இத்தாலியனில் பேசுவதே பொருத்தம் என்று நான் அதைத்தான் பார்ப்பேன்.

அந்தப் படத்தைப் பார்த்த கையோடு ஃபெலினியின் ‘எட்டரை’யையும் பாருங்கள். இரண்டும் 1963-ல் வந்தவை, இரண்டிலும் கிளாடியா கார்டினேல். துனிஸ் நகரில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர், குரலில் ஒரு கரகரப்பு. அதனால் அதுவரை இத்தாலியப் படங்களில் அவருக்கு வேறு யாராவதுதான் பேசினார்கள். ‘தி லெப்பர்ட்’டிலும் அப்படியே. ‘எட்டரை’யில் மட்டும் ஃபெலினி அவரையே பேசச் சொன்னார். படத்தின் கடைசிப் பகுதியில், இரவில், காருக்குள் உட்கார்ந்து நாயகன் மாஸ்ட்ரோயானியோடு பேசிக்கொண்டு போவார். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.